கோத்தகிரி ஸ்டுடியோவுக்கு நாஸ் பெட்டி வாங்கலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். கோத்தகிரியில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறீர்கள். கல்யாணம், காதுகுத்து, ஊர்ப் பண்டிகை என்று எடுத்ததெல்லாம் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குகளில் கிடக்கிறது. பார்ட்டிக்கு லிங்க் அனுப்ப கூகுள் டிரைவுக்கு மாதாமாதம் பணம் போகிறது. அந்த வாடகையை நிறுத்திவிட்டு, ஹார்ட் டிஸ்க்குகளைப் போட்டு வீட்டு நெட்வொர்க்கில் செருகி வைக்கும் நாஸ் பெட்டி ஒன்றை வாங்கி, அதிலிருந்தே பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு லிங்க் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

பெட்டி வாங்குங்கள். ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்துக்காக வாங்காதீர்கள். எடுத்த படத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ள அது நல்ல சாமான். வெளியூர்க்காரர்களுக்குப் படத்தைக் கொடுப்பதற்கு, அதுவும் மலையில் உட்கார்ந்துகொண்டு கொடுப்பதற்கு, கிளவுட் வாடகைதான் இன்னும் மலிவு. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. ஒரு கல்யாணத்துக்கு 3,000 ரா ஃபைல் (கேமரா பதியும் மூலப் படம்), ஒன்று 30 எம்பி என்று வைத்தால் 90 ஜிபி. வீடியோ தனி, 100 எம்பிபிஎஸ்ஸில் எடுத்த ஃபோர்கே ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ஆனால் பார்ட்டிக்குக் கொடுப்பது இவ்வளவும் இல்லை. தேர்ந்தெடுத்து, கலர் சரிசெய்து, ஜேபெக்காக மாற்றிய 600 படம், ஒன்று 10 எம்பி என்றால் 6 ஜிபி. இந்த 6 ஜிபியை 50 எம்பிபிஎஸ் அப்லோடு உள்ள லைனில் கிளவுடுக்கு ஏற்ற 16 நிமிடம் ஆகும். ஏற்றியதோடு உங்கள் வேலை முடிந்தது. அதன் பிறகு பத்துப் பேர் இறக்கினாலும் ஐம்பது பேர் இறக்கினாலும் அது கூகுளின் பாடு.

அதே 6 ஜிபி உங்கள் வீட்டு நாஸில் இருந்தால் கதை வேறு. ஒவ்வொருவர் இறக்கும்போதும் உங்கள் வீட்டு லைனில்தான் அது வெளியே போக வேண்டும். பத்துப் பேர் இறக்கினால் 60 ஜிபி, அதாவது லைனை முழுசாக விழுங்கி 2 மணி 40 நிமிடம். கல்யாணம் முடிந்த வாரம் லிங்க் வாட்ஸ்அப் குரூப்பில் போனதும் எல்லாரும் ஒரே ராத்திரியில்தான் திறப்பார்கள். அந்த நேரத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு இருந்தால் வீட்டில் சண்டை நிச்சயம். நாஸ் விளம்பரத்தில் பெட்டியின் வேகத்தைப் பெரிதாகப் போடுவார்கள். அது வீட்டுக்குள் கேபிளில் இணைத்த கம்ப்யூட்டருக்கு நொடிக்கு 110 எம்பி வரை உண்மைதான். வெளியே போகும் வேகத்தைத் தீர்மானிப்பது லைனின் அப்லோடு மட்டும். பிளான் பெயரில் 100 என்று இருந்தாலும் அப்லோடு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் நீங்களே ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பாருங்கள். காலையில் வரும் எண்ணை நம்ப வேண்டாம்.

அடுத்தது பலருக்குப் பெட்டி வாங்கிய பிறகுதான் தெரியவரும் விஷயம்: வெளியிலிருந்து உங்கள் வீட்டுக்கு வழியே இல்லாமல் இருக்கலாம். ஐபிவி4 எனப்படும் இணைய முகவரிகள் தீர்ந்துபோனதால் இங்கே பல இன்டர்நெட் கம்பெனிகள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. சிஜிநாட் என்பார்கள். நீங்கள் வெளியே போவதில் பிரச்சினை இல்லை. வெளியிலிருந்து ஒருவர் உங்கள் பெட்டியைத் தேடி வந்தால் கம்பெனியின் வாசலிலேயே நின்றுவிடுவார். யூடியூபில் காட்டுகிற போர்ட் ஃபார்வர்டிங், அதாவது வெளியிலிருந்து வருகிறவரைப் பெட்டிக்கு அனுப்ப ரவுட்டரில் வழி திறப்பது, எல்லாம் இங்கே வேலை செய்யாது. சோதிப்பது சுலபம். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் வான் ஐபி (WAN IP) என்று ஒரு எண் இருக்கும். கூகுளில் என் ஐபி என்ன என்று தேடினால் வருகிற எண்ணோடு அதை ஒப்பிடுங்கள். இரண்டும் வேறு என்றால், முக்கியமாக ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். தனி ஐபி கேட்கலாம். சில இடத்தில் கூடுதல் பணம் கேட்பார்கள், சில இடத்தில் கொடுக்கவே மாட்டார்கள்.

இதைச் சுற்றி வர வழிகள் உண்டு. நாஸ் செய்யும் கம்பெனிகளே வெளியிலிருந்து இணைய வசதி வைத்திருக்கின்றன: சினாலஜி பெட்டியில் குவிக்கனெக்ட், க்யூநாப்பில் மைக்யூநாப்கிளவுட் என்று இருக்கும். குவிக்கனெக்ட் முதலில் நேரடியாக இணைக்கப் பார்க்கும், முடியாவிட்டால் சினாலஜியின் சர்வர் வழியாகச் சுற்றிப் போகும். சுற்றிப் போகும்போது வேகம் கணிசமாக விழும். நாலைந்து படம் பார்க்கச் சரி, ஆல்பம் முழுதும் இறக்குவது பொறுமைசாலிகளுக்கு மட்டும். டெய்ல்ஸ்கேல் என்ற செயலி உங்கள் சொந்த போனுக்கும் வீட்டு நாஸுக்கும் நடுவே தனி வழி போட்டுக் கொடுக்கும், சிஜிநாட்டுக்குள்ளும் வேலை செய்யும். ஆனால் மணமகளின் பெரியம்மாவிடம் போய், அம்மா, முதலில் இந்த ஆப்பைப் போட்டு அக்கவுண்ட் திறங்கள் என்று சொல்ல முடியுமா? க்ளவுட்ஃப்ளேர் கம்பெனியின் சர்வர் வழியாகப் பெட்டியை வெளியே காட்டும் க்ளவுட்ஃப்ளேர் டனலுக்குச் சொந்த டொமைன் (இணையதளப் பெயர்) வேண்டும், பெரிய வீடியோக்களைத் தள்ளுவதற்கு அதன் இலவசச் சேவை ஏற்பட்டதும் அல்ல.

சரி, தனி ஐபி கிடைத்துவிட்டது, லைனும் நல்ல லைன் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தயங்கச் சொல்வேன், காரணம் திருட்டு. கிராமத்து வீட்டு வாசலைத் திறந்து போட்டால் தெருவில் போகிறவர் நாலு பேர் எட்டிப் பார்ப்பார். இணையத்தில் போர்ட்டைத் திறந்து வைத்தால் உலகத்தில் இருக்கும் அத்தனை திருடனும் மெஷின் வைத்துத் தட்டிப் பார்ப்பான், ராத்திரி பகல் கிடையாது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். 2021 ஏப்ரலில் க்யூலாக்கர் என்ற கும்பல் இணையத்தில் திறந்திருந்த க்யூநாப் பெட்டிகளுக்குள் புகுந்து, ஃபைல்களைச் செவன்ஜிப் என்ற ஃபைல் சுருக்கும் மென்பொருள் கொண்டு பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியது. திறக்க 0.01 பிட்காயின் கேட்டார்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் வந்தது, கேட்டது 0.03 பிட்காயின். சினாலஜிக்கும் இது புதிதில்லை, 2014-இல் சினோலாக்கர் என்று ஒன்று ஆட்டிவைத்தது.

எல்லாவற்றிலும் கொடுமை வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் கதைதான். 2021 ஜூன் மாதம் உலகம் முழுக்கப் பலர் காலையில் பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. வெளியிலிருந்தே யாரோ ஃபேக்டரி ரீசெட் கட்டளை கொடுத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். பணம்கூடக் கேட்கவில்லை. அந்த மாடலுக்கு 2015-க்குப் பிறகு கம்பெனி அப்டேட்டே கொடுத்திருக்கவில்லை. பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்ததால் வைத்திருந்தவர்கள் அதைக் கவனிக்கவும் இல்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று செகண்ட்ஹேண்ட் நாஸ் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, அந்த மாடலுக்கு இன்னும் அப்டேட் வருகிறதா என்பதை.

உங்கள் தொழிலில் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. உங்களிடம் இருப்பது அடுத்தவர் வீட்டுப் பெண்களின், குழந்தைகளின் படம். அது வெளியே போனால் ஊரில் தலைகாட்ட முடியாது. வசதி இருக்கும் இடத்தில் லிங்க்குக்குப் பாஸ்வேர்டும் காலாவதித் தேதியும் போடுங்கள். சினாலஜி, க்யூநாப் இரண்டிலும் அந்த வசதி இருக்கிறது. கூகுள் டிரைவில் லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்று போட்டால் அந்த லிங்க் குரூப் குரூப்பாகச் சுற்றும். ஒரு மாதம் கழித்து நீங்களே மூடிவிடுங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் வாங்கச் சொல்கிறேன் என்றால், நீங்கள் இப்போது இருக்கும் நிலை அதைவிட மோசம். மேசை டிராயரில் கேபிள் சுற்றிய ஏழெட்டு எக்ஸ்டர்னல் டிஸ்க், எதில் எந்தக் கல்யாணம் என்று மார்க்கரில் எழுதியது பாதி அழிந்திருக்கும், ஒன்று கீழே விழுந்தால் ஒரு வருட உழைப்பு போச்சு. இதற்கு நாஸ் நல்ல மருந்து. இரண்டு டிஸ்க் போடும் பெட்டியில் ரெய்டு 1 அமைத்தால் ஒரே ஃபைல் இரண்டிலும் எழுதப்படும், ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காது. எடிட்டிங் கம்ப்யூட்டர், உங்கள் லேப்டாப், உதவிக்கு வரும் பையனின் கம்ப்யூட்டர் மூன்றும் ஒரே இடத்திலிருந்து எடுக்கலாம். பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) ஃபைல் சிஸ்டம் உள்ள மாடலில் ஸ்னாப்ஷாட், அதாவது அந்தந்த நேரத்து நிலையின் பதிவு, வைத்துக்கொண்டால், தெரியாமல் அழித்த ஃபோல்டரை நேற்றைய நிலையிலிருந்து மீட்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே நான் நாலு பேருக்குச் சிபாரிசு செய்வேன்.

செலவுக் கணக்கும் பார்த்துவிடலாம். இரண்டு டிஸ்க் போடும் காலிப் பெட்டி 20,000 ரூபாய்க்கு மேல். 4 டிபி நாஸ் டிஸ்க் ஒவ்வொன்றும் 10,000-க்கு மேல். யூபிஎஸ் சேர்த்தால் 45,000-த்தைத் தாண்டும். கையில் கிடைப்பது 4 டிபி, ஏனென்றால் இன்னொரு டிஸ்க் நகல். கூகுளில் 2 டிபிக்கு மாதம் 650 என்ற அளவில், வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் சுமார் 6,500. பகிர்வதற்கு மட்டும் என்றால் அந்த 2 டிபிகூட உங்களுக்கு அதிகம். 6 ஜிபி ஆல்பம் இருபது முப்பது என்றால் 200 ஜிபி பிளானிலேயே அடங்கிவிடும், பழையதை அழித்துக்கொண்டே வந்தால் போதும். ஆனால் ரா, வீடியோ எல்லாம் சேர்த்து 10 டிபியைக் கிளவுடில் வைக்க நினைத்தால் அதே விகிதத்தில் மாதம் 3,250, வருடம் 39,000. அங்கேதான், பெரிய டிஸ்க் போட வேண்டியிருந்தாலும், நாஸ் ஜெயிக்கிறது. மூட்டை வீட்டில், கொடுக்க வேண்டிய கொஞ்சம் மட்டும் கிளவுடில். வாடகை முழுசாக நிற்காது, குறையும்.

மின்சாரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டு டிஸ்க் பெட்டி 20 வாட் இழுத்தால் நாள் முழுக்க ஓடினாலும் இரண்டு மாத பில்லில் 29 யூனிட்டுக்குள்தான். மின்வெட்டுதான் உண்மையான கவலை. பைகாரா நீர்மின் நிலையத்தில் 1932-இலிருந்து கரண்ட் எடுத்துக் கீழே அனுப்புகிறோம், ஆனால் ஒரு மரம் சாய்ந்தால் நமக்கு இரண்டு நாள் இருட்டு. டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் சிஸ்டமே கெடலாம். அதனால் யூபிஎஸ் கட்டாயம், அதுவும் யூஎஸ்பி போர்ட் உள்ள யூபிஎஸ். அந்தக் கேபிளை நாஸில் செருகினால் பேட்டரி குறையும்போது பெட்டி தானே ஒழுங்காக ஆஃப் ஆகும். மலிவான சிறிய மாடல்கள் பலவற்றில் அந்த போர்ட் இருக்காது, கடையில் பின்பக்கம் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பீர்கள். அது நார்மல் மோடில் மாறும் இடைவெளியிலேயே பெட்டி அணைந்து எரியலாம், அதோடு பேட்டரி தீரும்போது நாஸுக்குச் சொல்ல அதற்கு வாயில்லை. ஏப்ரல், மே இடிமழையில் ரவுட்டரும் சேர்ந்து யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். ஃபைபர் வழியாக இடி வராது. கரண்ட் லைன் வழியாகவும், பக்கத்துக் கட்டிடத்துக்கு இழுத்த செம்புக் கேபிள் வழியாகவும் வரும்.

உயரத்தால் ஏதாவது ஆகுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆகாது. ஹார்ட் டிஸ்க்குகள் பொதுவாக 3,000 மீட்டர் வரை ஓடும்படி செய்யப்பட்டவை, ஊட்டியே 2,240 மீட்டர்தான். ஈரம்தான் எதிரி. லென்ஸில் பூஞ்சை பிடித்த வேதனை உங்களுக்குத் தெரியாததல்ல. ஓடிக்கொண்டே இருக்கும் நாஸ் தன் சூட்டிலேயே உலர்ந்திருக்கும், அதனால் மூடுபனி மாதங்களில் அதை அணைத்து வைக்காதீர்கள். வெளிச்சுவரை ஒட்டியோ தரையிலோ வைக்க வேண்டாம், காற்றுப் போகாத அலமாரிக்குள்ளும் பூட்ட வேண்டாம். ஓடாமல் சும்மா இருக்கும் பேக்கப் டிஸ்க்குதான் லென்ஸோடு டிரை பாக்ஸில் இருக்க வேண்டியது.

பேக்கப் என்றதும் ஒன்று. ரெய்டு பேக்கப் ஆகாது. தவறுதலாக அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அழியும், வைரஸ் பூட்டினால் இரண்டையும் பூட்டும், கள்ளன் தூக்கினால் பெட்டியோடு போகும். மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்ற 3-2-1 கணக்கைப் பிரபலமாக்கியவர் பீட்டர் க்ரோக், அவரும் உங்களைப் போலப் புகைப்படக்காரர்தான். நம் ஊரில் வெளியிடம் என்றால் அடுத்த தெரு இல்லை, மலைக்குக் கீழே. 2009 நவம்பரில் மண்சரிவு நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பழனி மலைக்காரர்கள் 2018 கஜா புயலில் கொடைக்கானல் இருண்டு கிடந்ததை மறந்திருக்க மாட்டார்கள். அதனால் ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்து, மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை ஆல்பம் பிரிண்ட் எடுக்க எப்படியும் இறங்குவீர்கள். குளிரிலிருந்து கொண்டுபோன டிஸ்க்கை அங்கே உடனே செருகாதீர்கள். மூடிய பையிலேயே இரண்டு மூன்று மணி நேரம் இருந்து அந்த ஊர்ச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் உள்ளே நீர் கோக்கும். அப்புறம், 100 ஜிபி ரா ஃபைல் முழுதும் வேண்டும் என்று கோவையில் எடிட்டர் கேட்டால், நெட்டில் ஏற்றுவதைவிட எஸ்எஸ்டியைப் பஸ்ஸில் கொடுத்தனுப்புவதே இன்னும் வேகம்.

எந்த மாடல் என்று கேட்டால், மென்பொருள் எளிமைக்குச் சினாலஜி, அதே விலையில் கூடுதல் ஹார்டுவேருக்குக் க்யூநாப், அசுஸ்டோர். சினாலஜி 2025-இல் தன் புது பிளஸ் மாடல்களில் தன் பெயர் போட்ட டிஸ்க்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது, எதிர்ப்பு வந்ததும் அதே ஆண்டு அக்டோபரில் டிஎஸ்எம் 7.3 என்ற தன் நாஸ் மென்பொருள் பதிப்பில் தளர்த்தியது. வாங்கும்போது பொருந்தும் டிஸ்க் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். டிஸ்க் வாங்கும்போது எஸ்எம்ஆர் வகையை, அதாவது தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும் டிஸ்க்கை, தவிருங்கள். அதில் ஒரு டிஸ்க் செத்துப் புதிதாக மாற்றி நிரப்பும்போது நாள்கணக்கில் இழுக்கும், சமயத்தில் தோற்றும் போகும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் சொல்லாமல் கொள்ளாமல் ரெட் வரிசையில் எஸ்எம்ஆரை நுழைத்தது தெரியவந்து பெரிய ரகளை ஆனது. ரெட் பிளஸ், சீகேட் அயர்ன்வுல்ஃப் இரண்டும் தடங்கள் படியாத சிஎம்ஆர் வகை, அவற்றில் ஒன்றை எடுங்கள். இரண்டு டிஸ்க்கையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்காமல் இருந்தால் நல்லது. ஒரே பேட்ச் ஒரே சமயத்தில் படுத்துக்கொள்ளும் வாய்ப்பு குறையும்.

வாங்கி வந்ததும் அட்மின் என்ற பெயரை முடக்கிவிட்டு வேறு பெயரில் கணக்கு திறங்கள், இரண்டடுக்கு சரிபார்ப்பைப் போடுங்கள், அப்டேட்டைத் தானாக வரும்படி விடுங்கள், ரவுட்டரில் தானாகவே போர்ட் திறந்துவிடும் யூபிஎன்பி (UPnP) வசதியை அணையுங்கள். போர்ட் எதையும் திறக்காதீர்கள். வெளியூரில் இருக்கும்போது உங்களுக்கே ஒரு ஃபைல் வேண்டும் என்றால் டெய்ல்ஸ்கேல் போதும். பார்ட்டிக்குக் கொடுக்க வேண்டியதை நாஸில் ஒரு தனி ஃபோல்டரில் போட்டால், சினாலஜியின் கிளவுட் சிங்க் அதை மட்டும் கூகுள் டிரைவுக்கு ராத்திரி ஏற்றிவிடும்.

ஸ்டுடியோவில் சும்மா கிடக்கும் பழைய கம்ப்யூட்டரை நாஸாக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். முடியும். ஓபன்மீடியாவால்ட் என்ற நாஸ் மென்பொருள் இலவசம், நன்றாகவே ஓடும். ஆனால் பழைய டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போதே 50, 60 வாட் இழுக்கும், பவர் சப்ளை எப்போது போகும் என்று தெரியாது, ஏதாவது ஆனால் ராத்திரி உட்கார்ந்து சரிசெய்வது நீங்கள்தான். லினக்ஸில் ஆர்வம் இருந்தால் செய்யுங்கள். முகூர்த்த மாதத்தில் அதற்கு நேரம் இருக்காது என்றால் பெட்டியையே வாங்குங்கள். ரவுட்டர் பின்னால் இருக்கும் யூஎஸ்பி ஓட்டையில் டிஸ்க்கைச் செருகி அதையே நாஸ் என்று சொல்லும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். மெதுவாக இருக்கும், பல ரவுட்டர்களில் ஃபைல் பகிர்வதற்கான பழைய, ஓட்டை நிறைந்த எஸ்எம்பி 1 முறைதான் ஓடும். பட்ஜெட் இந்த மாதம் இடிக்கிறது என்றால் இப்போதைக்கு 4 டிபி டிஸ்க் ஒன்று மட்டும் வாங்கி, டிராயரில் இருப்பதையெல்லாம் அதில் நகலெடுத்து கீழே அனுப்பிவிட்டு, பெட்டியைத் தீபாவளித் தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளலாம்.